பந்தைவிட்டுக் கண் எடுக்காமல்

என் வலது முழங்காலின் தசைநார் இரண்டாவது முறை கிழிந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. முதல் முறை அறுவை சிகிச்சை முடிந்து பத்து மாதத்தில் திரும்பி வந்து ஆடினேன். இரண்டாவது முறை, மருத்துவர் ஸ்கேன் படத்தைக் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, நடக்கலாம், படி ஏறலாம், குதிக்க மட்டும் கூடாது என்றார். வாலிபாலில் குதிக்காமல் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நான் லிஃப்டர். எதிரணி அனுப்பும் பந்தை எங்களில் ஒருத்தி வாங்கித் தருவாள். அதை நான் விரல்நுனியால் மேலே தூக்கிவிடுவேன். மூன்றாவதாக ஒருத்தி குதித்து அடிப்பாள். யாருக்குத் தூக்குவது என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நான்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து வருடம் எங்கள் நிறுவனத்தின் பெண்கள் அணிக்கு அந்த வேலையைச் செய்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை என்பதால் முழங்கால் போனாலும் சம்பளம் போகவில்லை. தபால் பிரிவில் ஒரு மேஜை கொடுத்தார்கள். வரும் கடிதங்களுக்கு எண் போட்டுப் பிரித்து அனுப்புவதுதான் வேலை. மதியம் மூன்று மணியானால் என் கால்கள் மேஜைக்கு அடியில் தானாக ஆட ஆரம்பிக்கும். அது பயிற்சி தொடங்கும் நேரம்.

ஆறு மாதம் கழித்து எங்கள் பயிற்சியாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு காலத்தில் எங்கள் அணித்தலைவி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் மேடம், எனக்கு மட்டும் அக்கா. நிர்வாகம் அணிக்கு ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறது, ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அதில் பதிய ஆள் வேண்டும் என்றார். "ஆட்டம் தெரிஞ்சவதான் வேணும்டி. கம்ப்யூட்டர் தெரிஞ்சவ இல்ல" என்றார். நான் சரியென்று சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பந்து ஒவ்வொரு முறை ஒரு கையில் படும்போதும் மூன்று விஷயங்களைப் பதிய வேண்டும். யார் தொட்டாள், எதற்காகத் தொட்டாள், நன்றாகத் தொட்டாளா இல்லையா. இப்படிச் சேர்ந்ததை வைத்து, எதிரணி எந்த நிலையில் எங்கே அடிக்கிறது, நம்மில் யார் தடுமாறுகிறாள் என்று மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். பெரிய நாடுகளின் அணிகள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

எங்களுக்கு வந்த மென்பொருளில் திரை முழுக்கப் பட்டன்கள். எண்ணிப் பார்த்ததில்லை, நாற்பதுக்குக் குறையாது. எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். ஒரு தொடுதலைப் பதிய நான்கு இடத்தில் அழுத்த வேண்டும். நான் குனிந்து பட்டனைத் தேடி அழுத்திவிட்டு நிமிர்ந்தால் பந்து இரண்டு கை மாறியிருக்கும். யார் தொட்டாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரியைக் கேட்பேன். அவள் சொல்வதற்குள் புள்ளி முடிந்து நடுவர் விசில் ஊதிவிடுவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும் விளையாட்டு. அதில் நான் கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் முழுவதும் தோல்விதான். அணிக்கு இல்லை, எனக்கு. இடைவேளையில் அக்கா என் பக்கம் திரும்பி, எதிரணியின் அந்த நெட்டைப் பெண் எங்கே அடிக்கிறாள் என்று கேட்பார். நான் பக்கம் பக்கமாகத் தள்ளித் தேடுவேன். ஓட்டை விழுந்த தகவலிலிருந்து எது வந்தாலும் எனக்கே நம்பிக்கை இருக்காது. ஒருநாள் அவர் என் தோளைத் தொட்டு, கோபமே இல்லாமல், "மூடி வெய்டி அத" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். அந்தத் திரைகளை வடிவமைத்தவரே அவர்தான். ஈரோடு பக்கத்துக்காரர். காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் குடியிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஆவடி பக்கம் நாங்கள் பயிற்சி எடுக்கும் உள்ளரங்கத்துக்கு ஒரு பெரிய டேப்லெட்டோடு வந்தார். புதிய வடிவம், எல்லாம் தொடுதிரை, பட்டன்களைக் குறைத்துவிட்டோம் என்றார். உண்மையில் பார்க்க மிக அழகாக இருந்தது. ஆட்டக்களத்தின் படம், ஆட்டக்காரிகளின் முகங்கள், தொட்டால் மலர்கிற வட்டங்கள்.

"ரொம்ப ஈஸிங்க. ரெண்டே நாள்ல பழகிடுவீங்க" என்றார்.

அன்று நடந்த பயிற்சி ஆட்டத்தில் முதல் ஐந்து புள்ளிகளுக்குள் நான் பதினைந்து தொடுதல்களைத் தவறவிட்டேன். கண்ணாடித் திரையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. எங்கே வைக்கிறோம் என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு வருட அவமானம் போதும் என்றாகிவிட்டது. எழுந்து நின்று டேப்லெட்டை அவரிடம் நீட்டினேன்.

"சார், நீங்க குந்திகினு ஒரு செட் அடிங்க. நான் ஓரமா நின்னு பாக்கறேன்."

அவர் மறுக்காமல் உட்கார்ந்தார். இரண்டு புள்ளி வரைக்கும் தாக்குப்பிடித்தார். மூன்றாவது புள்ளியில் பந்து நெடுநேரம் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. அவர் தலை மேலும் கீழுமாக ஆடி, கடைசியில் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். சாக்குச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முழு வாலிபால் ஆட்டம் ஒன்றைக்கூட இதுவரை நேரில் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். நாளைக்கும் வரலாமா என்று கேட்டார்.

ஒரு வாரம் வந்தார். டேப்லெட்டைப் பையைவிட்டு எடுக்கவே இல்லை. என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் டீ குடிக்கும்போது, "உங்க உதடு அசையுதுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. தன் போனை எடுத்து ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். என் குரல்தான். நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஆறு நல்லா, ரெண்டு நல்லா, நாலு போச்சு. எதிரணிக்கும் அப்படியே. ஒரு தொடுதல்கூட விடவில்லை.

ஆடிய பத்து வருடமும் இப்படித்தான் முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒருத்தியும் சொன்னதில்லை.

"நீங்க ஏற்கெனவே எல்லாத்தையும் பதிஞ்சுட்டுத்தான் இருக்கீங்க. நாங்கதான் அதுக்குக் குறுக்கால நிக்கிறோம்" என்றார் அவர். அந்த ஒரு பேச்சுக்காக அவருடைய நாற்பது பட்டன்களையும் மன்னித்துவிட்டேன்.

முதலில் குரலையே பதியலாம் என்று முயன்றோம். கழுத்தில் மைக் மாட்டினார். பயிற்சியின்போது ஓரளவு வேலை செய்தது. ஆனால் ஆட்டமென்று வந்தால் விசில், கைதட்டல், ஆட்டக்காரிகளின் கூச்சல். பின்வரிசையில் நின்று பந்து எடுக்கும் லிபரோ 'விடு' என்று கத்தினால் மென்பொருள் அதை என் குரலென்று எடுத்துக்கொண்டு திணறியது. இரண்டு வாரத்தில் அதைக் கைவிட்டோம். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

வழி கிடைத்தது குமணன்சாவடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். பில் போடும் பெண் எனக்கு முன்னால் நின்ற அம்மாவோடு பேசிக்கொண்டே காய்கறிகளுக்கு எண் அடித்துக்கொண்டிருந்தாள். தராசைப் பார்த்தாள், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஒருமுறைகூடக் கையைப் பார்க்கவில்லை. அவள் விரலுக்கு அடியில் இருந்தது எண்கள் மட்டும் உள்ள ஒரு சின்னக் கீபோர்டு. என் முறை வந்தும் நான் நகராமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்தவர் சத்தம் போட்டார். வெளியே வந்ததும் பையைத் தரையில் வைத்துவிட்டு டிசைனருக்குப் போன் செய்தேன்.

நான் கேட்டது சின்ன விஷயமில்லை. அவருடைய மலர்கிற வட்டங்கள் எல்லாம் குப்பைக்குப் போக வேண்டும். ஆனால் மறுநாள் மாலை அரங்கத்துக்கு அதே மாதிரி இரண்டு சின்னக் கீபோர்டுகளோடு வந்து நின்றார். வலது கைக்கு ஒன்று, எங்கள் அணி. இடது கைக்கு ஒன்று, எதிரணி.

அதன் பிறகு நாங்கள் இருவரும் செய்ததெல்லாம் நீக்குவதுதான். ஆறு பட்டன், களத்தில் ஆறு பேரும் நிற்கிற மாதிரியே. முன்னால் மூன்று, பின்னால் மூன்று. அதற்கு மேல் வரிசையில் நல்லது, சுமார், மோசம் என்று மூன்று. ஒரு தொடுதலுக்கு இரண்டு தட்டு, அவ்வளவுதான். எதற்காகத் தொட்டாள் என்பதை எங்கே பதிவது என்று அவர் கேட்டார். அதை எதற்குப் பதிய வேண்டும் என்று நான் கேட்டேன். முதல் தொடுதல் வாங்குவது, இரண்டாவது தூக்குவது, மூன்றாவது அடிப்பது. மாறினால்தானே சொல்ல வேண்டும்? அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எதிரணி எங்கே அடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். நம்மில் யார் அதை எடுத்தாளோ அவள் நிற்கும் இடத்துக்குத்தானே பந்து வந்தது? அதையும் எழுதிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதைப் பார்த்தபோது, முழங்காலில் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களுக்குப் பிறகு முதல்முறையாக, எனக்குத் தெரிந்தது ஒன்றுக்கு உதவும் என்று தோன்றியது.

நல்லது, மோசம் இரண்டும் விரலுக்குக் குழம்பியது. நல்லது பட்டனில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பிறகு குழப்பமில்லை.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் அந்தக் கீபோர்டுகளை வைத்துப் பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துப் பழகினேன். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். ஞாயிறுகளில் எதிரே உட்கார்ந்து என் கண்ணையே கவனிப்பார். நான் குனிந்தால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். முதல் ஞாயிறு தட்டித் தட்டி அவர் கையே வலித்திருக்கும். ஐந்தாவது ஞாயிறு பாதி ஆட்டம் வரை ஒரு தட்டுக்கூட இல்லை என்று நினைத்து அவர் பக்கம் பார்த்தால், மனிதர் என்னைக் கவனிப்பதை விட்டுவிட்டு வீடியோவில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவது சரியாகிவிட்டது. இனி காட்டுவது. அக்காவுக்கென்று டிசைனர் ஒரு திரை செய்திருந்தார். சதவீதங்கள் நிறைந்த அட்டவணை, ஓரத்தில் இரண்டு வரைபடம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடி இது, ரயில் டைம்டேபிள் மாதிரி கீது. எனக்குக் கெடைக்கிறது முப்பது செகண்டு. அதுல பாதி பொண்ணுங்க மூச்சு வாங்கவே போய்டும்."

அப்படியானால் அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன என்று டிசைனர் கேட்டார். அக்கா யோசித்தார். அவரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த பந்தை அவள் எங்கே அடிப்பாள், அது ஒன்றுதான் என்றார். டிசைனர் ஒவ்வொரு முறை வரும்போதும் திரையில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தது. முதலில் அட்டவணை போனது. பிறகு வரைபடங்கள். கடைசியில் எதிரணியின் களம் மட்டும் நின்றது. அவர்கள் அப்போது நிற்கும் வரிசையில், இதற்கு முன் எங்கெங்கே அடித்தார்களோ அங்கே அம்புக்குறிகள். அதிகம் அடித்த இடத்துக்குத் தடித்த அம்பு. ஒரு எண்கூட இல்லை. அவருடைய அலுவலகத்தில் இதற்குப் பெரிய எதிர்ப்பாம். திரை காலியாக இருந்தால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்களாம். எங்கள் பயிற்சியாளர் படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து காட்டித்தான் சம்மதம் வாங்கியதாகச் சொன்னார்.

ஒரு தவறும் செய்தோம். ஆட்டக்காரிகளுக்கும் உதவட்டும் என்று பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை வைத்து, ஒவ்வொருத்தியின் தவறுகளையும் சிவப்பில் காட்டினோம். யோசனை என்னுடையது. எங்கள் இளைய அடிக்காரி, பத்தொன்பது வயதுப் பெண், முதல் செட் முடிந்து வந்து தன் பெயருக்கு எதிரே வரிசையாகச் சிவப்பைப் பார்த்தாள். அடுத்த செட்டில் அவள் பலமாக அடிக்கவே இல்லை. வந்த பந்தையெல்லாம் தட்டித் தட்டி அனுப்பினாள். அக்கா துண்டை எடுத்துத் திரைமேல் போட்டார். நான் அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள், பரவாயில்லைக்கா, எனக்கே தெரியும்க்கா என்றாள். தெரிந்ததை எல்லோர் முன்னாலும் எழுதிக் காட்டியிருக்கிறோம் என்பதுதான் என்னை அறுத்தது. பெரிய திரை திரும்பவும் வரவில்லை.

அந்த வருட அகில இந்தியப் போட்டி சென்னையில் நடந்தது. முன்பு இரண்டு முறை அரையிறுதியோடு திரும்பிய அணி நாங்கள். இந்த முறை இறுதியாட்டத்துக்கு வந்தோம். எதிரே வடக்கிலிருந்து வந்த அணி. அவர்களுடைய பிரதான அடிக்காரி என்னைவிட ஒரு தலை உயரம். அவள் குதித்துக் கை ஓங்கும்போது நடுவர்கூட நிமிர்ந்து பார்ப்பது போல இருக்கும். ஆளுக்கு இரண்டு செட் எடுத்து, பதினைந்து புள்ளி மட்டுமே உள்ள ஐந்தாவது செட்டுக்குப் போனது. நான் அன்று ஒருமுறைகூடக் குனியவில்லை. என் கைகள் இரண்டும் யாரோ வேறொருத்தியின் கைகள் போல ஓடிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு பன்னிரண்டு. அக்கா இடைவேளை கேட்டார். சர்வீஸ் எங்களுடையது. அந்த உயரமான பெண் முன்வரிசையில் நிற்கிறாள். அவள் குறுக்காகத்தான் அடிப்பாள் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், நான்கு செட்டாகக் குறுக்கேதான் அடித்துக்கொண்டிருந்தாள். நான் டேப்லெட்டை அக்காவிடம் நீட்டினேன். அந்த வரிசையில் மட்டும், சர்வீஸை அவளே வாங்கும்போது, தடித்த அம்பு ஓரக் கோட்டை ஒட்டி நேராகப் போயிருந்தது. வாங்கிவிட்டு ஓடி வருவதில் உடம்பைத் திருப்ப அவளுக்கு நேரம் போதவில்லை. இதை யாரும் கண்ணால் கவனிக்கவில்லை. நானும்தான். என் விரல்கள் பதிந்திருந்தன.

அக்கா அம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நெஜமாவாடி?"

"நெஜம்தான்க்கா. நான் ஒண்ணும் உடல."

ஒரு வருடத்துக்கு முன் இதே கேள்விக்கு என்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அக்கா திரும்பிப் பெண்களிடம் இரண்டே வாக்கியம் சொன்னார். சர்வீஸை அவளுக்கே போடுங்கள். தடுப்பை ஒரு அடி ஓரமாக நகர்த்துங்கள்.

சர்வீஸ் அவளுக்குப் போனது. வாங்கினாள், ஓடி வந்தாள், குதித்தாள், நேராக அடித்தாள். எங்கள் பெண்கள் இருவரின் நான்கு கைகளும் அங்கே இருந்தன. பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. அவள் அரங்கத்தின் கூரையைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றாள். அடுத்த சர்வீஸும் அவளுக்கே. அவள் இம்முறை குறுக்கே திருப்பப் பார்த்தாள், பந்து வெளியே போனது. பிறகு அவர்கள் ஒன்று எடுத்தார்கள். கடைசிப் புள்ளியில் அழகு ஒன்றும் இல்லை. அவர்கள் போட்ட சர்வீஸ் வலையில் பட்டு அவர்கள் பக்கமே விழுந்தது. பதினைந்து பதின்மூன்று.

எனக்கு அப்புறம் நடந்தது வரிசையாக நினைவில் இல்லை. குதிக்கக் கூடாது என்ற மருத்துவரின் பேச்சை மீறிக் குதித்தேன் என்று பின்னால் வீடியோவில் பார்த்தேன். அந்த இளைய பெண் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். டிசைனர் மேல்வரிசையில் உட்கார்ந்து கத்தியதில் தொண்டை கட்டிப்போய், கீழே இறங்கி வந்து பேச வராமல் கையைக் கையை ஆட்டினார். மேடைக்கு எங்கள் அணியைக் கூப்பிட்டபோது நான் பெஞ்சிலேயே நின்றேன். அக்கா பாதி வழியில் திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனார். புகைப்படத்தில் நான் அவருக்கும் அணித்தலைவிக்கும் நடுவில் இருக்கிறேன்.

சில மாதம் கழித்து, அம்பத்தூரில் டிசைனரின் அலுவலகத்தில் ஒரு கூட்டம். வேறு விளையாட்டுகளின் பயிற்சியாளர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். ஏசி அறை, நீள மேஜை. நான் ஓரமாக உட்கார இடம் தேடினேன். டிசைனர் என்னை முன்னால் அழைத்து, "இதை வடிவமைச்சது இவங்க. நான் வரைஞ்சு குடுத்தேன், அவ்வளவுதாங்க" என்றார். அப்படிச் சொல்லப்போகிறார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு கபடிப் பயிற்சியாளர் தனக்கு வேண்டியவற்றின் பட்டியலை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் எதைப் பார்த்து ஆட்டத்தின் நடுவில் முடிவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழ் படித்து, மீண்டும் படித்து, பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். மூன்று வரி மிஞ்சியது. மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தபால் பிரிவிலிருந்து விளையாட்டுப் பிரிவுக்கு என்னை மாற்றும் ஆணை அதற்கு அடுத்த வாரம் வந்தது.

கூட்டம் நடந்த அன்று மாலை கணவர் ஷிப்ட் முடித்து வண்டியில் வந்து அழைத்துப் போனார். நடந்ததையெல்லாம் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். வானகரம் தாண்டியதும் லாரிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா? காதுல உழல. மறுபடி சொல்லு" என்றார்.

மறுபடி சொன்னேன். வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றபோது முதலிலிருந்து ஒருமுறை சொன்னேன். பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் கிளப்பவில்லை. தலையைத் திருப்பி, அந்தக் கபடிக்காரர் பட்டியலை அடித்த இடத்தை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.